ஆழ்வாப்பிள்ளையின் கழுத்துக்கு வைத்த பரீட்சை

இணுவில் ஆழ்வாப்பிள்ளைக்கு ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. ஆனால் வலிகாமத்தில் எந்த வீட்டுக்கும் எந்த வீட்டுக்கும் என்ன முறை என்று கேட்டால், பூட்டன் காலம் மட்டும் போய், நடுவில் செத்தவர்களையும் மலாயாவுக்குப் போய்த் திரும்பாதவர்களையும் சேர்த்துக்கொண்டு, ஒரு வாய் வெற்றிலை மென்று முடிவதற்குள் சொல்லிவிடுவார். ஒருமுறை உடுவிலில் ஒரு செத்தவீட்டுக்குப் போனவர், செத்தவரின் பிள்ளைகளுக்கே தெரியாத ஒரு சித்தப்பனைக் கூட்டத்துக்குள் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டு வந்தார். அந்தச் சித்தப்பன் பிறகு காணியில் பங்கு கேட்டது வேறு கதை.

அந்த ஞாபகத்தை முதலாக வைத்து முப்பது வருடம் கலியாணப் புறோக்கர் வேலை பார்த்தார். சைக்கிள் கரியரில் சாதகக் கட்டு, கமக்கட்டில் குடை, வாயில் எந்நேரமும் யாராவது ஒரு தங்கமான பெடியன்.

எண்பத்து நாலாம் ஆண்டு மார்கழியில் அவருடைய தலை தன்பாட்டில் இடப்பக்கம் திரும்பத் தொடங்கியது. ஒரு வெட்டு, இன்னொரு வெட்டு, பிறகு நேராகிவிடும். நோவு பெரிதாக இல்லை. ஆனால் பார்க்கிறவர்களுக்கு மனிதர் ‘இல்லை, இல்லை’ என்று தலையாட்டுகிற மாதிரியே இருக்கும். தச்சனுக்கு வந்திருந்தால் உளியைச் சற்று ஆறப் பிடித்துச் சமாளித்திருப்பான். வந்தது புறோக்கருக்கு.

“பெடியன் நல்லவனோ?” என்று கேட்பார்கள்.

“ஓம், தங்கம்” என்பார். தலை இல்லை என்று ஆட்டும்.

மனிதர் லேசுப்பட்டவரில்லை. இரண்டு மாதத்துக்குள் அதற்கும் ஒரு வழி கண்டார். “பெடியன் நல்லவனோ எண்டு கேளாதையுங்கோ. எல்லாரும் ஓம் எண்டுதான் சொல்லுவினம். குடிக்கிறவனோ, கூத்தடிக்கிறவனோ எண்டு கேளுங்கோ” என்று வீட்டுக்காரரைத் திருப்பிவிடுவார். கேட்டதும் “இல்லை” என்பார். கழுத்தும் பக்கத்தில் நின்று சாட்சி சொல்லும். அடுத்து வந்த பங்குனிக்குள் மூன்று கலியாணம் இப்படியே ஒப்பேறியது.

ஒப்பேறாதது ஒன்றே ஒன்றுதான். அது அவருடைய மருமகள் குணலட்சுமியின் கலியாணம்.

ஆழ்வாப்பிள்ளைக்குச் சகோதரிகள் இரண்டு பேர். மூத்தவள் பத்மாவதி, வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தாள். இளையவள் பராசக்தி, குணலட்சுமிக்கு ஏழு வயதாக இருக்கும்போது காய்ச்சலில் போய்விட்டாள். பராசக்தியின் புருசன் ஏரம்பு வன்னிப் பக்கம் வயல் எடுத்துக் கமம் செய்யப் போனவர், போனவர்தான். பிள்ளையை ஆழ்வாப்பிள்ளைதான் வளர்த்தார். இப்போது அவளுக்கு முப்பத்திரண்டு. ஊருக்கெல்லாம் கலியாணம் பேசிய மனிதரின் வீட்டில் கட்டிக்கொடுக்காத ஒரு குமர் இருக்கிறது என்ற கதை அவர் சைக்கிளுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது.

சுன்னாகத்தில் இருந்து ஒரு மாப்பிள்ளைப் பகுதி வந்தது. கோண்டாவிலில் இருந்து இன்னொரு பகுதி வந்தது. எல்லாம் கேட்டு முடித்து எழும்பும்போது இரண்டு பகுதியும் ஒரே கேள்வியைத்தான் கேட்டன: “அப்ப நாங்கள் நம்பி எடுக்கலாமோ?” அந்தக் கேள்விக்கு ஓம் என்பதைத் தவிர வேறு பதில் கிடையாது. ஆழ்வாப்பிள்ளை ஓம் என்றார். கழுத்து இல்லை என்றது. “வாய் பொய் சொல்லும், கழுத்துச் சொல்லாது. வளர்த்த மாமனுக்குத் தெரியாததோ?” என்று அவர்கள் போய்விட்டார்கள்.

கழுத்தில் வருத்தம் என்று சொல்லிவிட்டால் என்ன என்று நினைப்பீர்கள். அதுதான் நடக்காத காரியம். பெண்பகுதியில் நரம்பு வருத்தம் என்று ஒரு சொல் வெளியில் போனால், பரம்பரை வருத்தம் என்று எல்லாரும் படலைக்கு வெளியில் நின்றே திரும்பிவிடுவார்கள். அவரே எத்தனை சம்பந்தத்தை அப்படித் திருப்பி அனுப்பியிருப்பார்!

நாட்டு வைத்தியப் பரியாரியின் எண்ணெய் போட்டாயிற்று. கந்தசாமி கோயிலுக்கு நேர்த்தியும் வைத்தாயிற்று. கடைசியில் குணலட்சுமிதான் அவரைப் பட்டணத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஆசுப்பத்திரியில் ஸ்ரெல்லா என்று ஒரு டொக்டர் பிள்ளை இருந்தாள். பாசையூர்ப் பக்கம், வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவள். அவளிடம் ஒரு சின்ன ரேடியோ அளவில் பெட்டி இருந்தது. அதில் இருந்து இரண்டு வயரை எடுத்துக் கழுத்தில் ஒட்டினாள். கழுத்துத் தசை இறுகினால் பெட்டி கீக் கீக் என்று கத்தும். தளர்ந்தால் அடங்கும்.

“உதில மருந்து எங்கையால வரும், பிள்ளை?”

“மருந்தில்லை ஐயா. உங்கடை கழுத்து இறுகிறது உங்களுக்குத் தெரியிறேல்லை. பெட்டி அதைக் கேக்கப் பண்ணும். கேட்டால், அதை அடக்கிற வழியை நீங்களே பிடிப்பியள்.”

“கனபேருக்குச் சுகம் வந்திருக்கோ?”

“அதைத்தான் சரியாப் பாக்கப் போறன். உங்களை மட்டும் வைச்சு.”

“என்னை மட்டுமோ? என்னை ஆரோடை ஒப்பிடுவியள்?”

“உங்களை உங்களோடைதான். பெட்டி இல்லாத ஆழ்வாப்பிள்ளையையும் பெட்டி இருக்கிற ஆழ்வாப்பிள்ளையையும்.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “பொருத்தம் பாக்க ரெண்டு சாதகம் வேணும் பிள்ளை. ஒரு சாதகத்தை வைச்சுக்கொண்டு ஆருக்கும் பொருத்தம் பாத்ததா நான் கேள்விப்படேல்லை.”

“நான் பாப்பன்” என்றாள் ஸ்ரெல்லா.

முதல் மூன்று கிழமை, இருபத்தொரு நாளும், பெட்டி தரமாட்டாளாம். ஒரு நாளைக்கு மூன்று நேரம், ஐந்தைந்து நிமிடம், தலை எத்தனை தரம் திரும்புகிறது என்று வீட்டில் இரண்டு பேர் எண்ண வேண்டும். ஒருவர் கணக்கை மற்றவர் அறியக்கூடாது. ஒன்றுமே செய்யாமல் முதலில் உள்ளபடி பார்த்தால்தான், பிறகு குறைந்ததா கூடினதா என்று சொல்லலாம் என்றாள். “ஒருத்தரோடை ஒருத்தர் கதைக்காத ரெண்டு பேரா இருந்தால் நல்லம்” என்றும் சொன்னாள்.

“அதுக்கு நாங்கள் தேடத் தேவையில்லை” என்றாள் குணலட்சுமி.

ஆழ்வாப்பிள்ளையின் மனைவி மகாதேவியும் வேலிக்கு அந்தப் பக்கத்துப் பத்மாவதியும் பத்தொன்பது வருடமாகக் கதையில்லை. குணலட்சுமியின் சாமத்தியச் சடங்கில் பத்மாவதி காய்ச்சிய பாயசத்துக்குச் சர்க்கரை காணாது என்று மகாதேவி சொன்ன நாளில் இருந்து வேலியில் ஆட்கள் புகுந்து போகிற பொட்டும் அடைபட்டுப் போனது. இப்போது டொக்டரின் சொல்லுக்காகப் பொட்டைத் திறந்தார்கள். பத்மாவதி வந்து ஒரு கதிரையில் இருந்தாள். மகாதேவி எதிர்க் கதிரையில் இருந்தாள். நடுவில் ஆழ்வாப்பிள்ளை. ஆளுக்கொரு கிண்ணத்தில் புளியங்கொட்டை. தலை ஒரு தரம் திரும்பினால் ஒரு கொட்டையைத் துணிப்பைக்குள் போட வேண்டும். குணலட்சுமி மணிக்கூடு பார்ப்பாள், பிறகு பைகளைக் கொட்டி எண்ணிக் கொப்பியில் எழுதுவாள்.

முதற் கிழமைக் கொப்பியைப் பார்த்த ஸ்ரெல்லா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். ஒரே ஐந்து நிமிடத்துக்கு மகாதேவியின் பையில் பத்தொன்பது, பத்மாவதியின் பையில் நாற்பத்தொன்று.

“ரெண்டு பேரும் ஒரே ஆளைத்தானே பாத்தவை?”

“ஓம். ஆனால் பெரியம்மாவுக்குத் தன்ரை தமையனை மாமி கவனிக்கேல்லை எண்டு காட்ட வேணும். மாமிக்குத் தன்ரை வீட்டில அவர் சுகமா இருக்கிறாரெண்டு காட்ட வேணும்” என்றாள் குணலட்சுமி.

ஸ்ரெல்லா அடுத்த நாளே சைக்கிளில் இணுவிலுக்கு வந்தாள். இரண்டு கிழவிகளையும் முன்னால் இருத்தி, “தலை திரும்பி நாடி தோளுக்கு நேரா வந்தால்தான் ஒண்டு. அதுக்குக் குறைஞ்சால் இல்லை” என்று தன் தலையைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். ஒரு மணித்தியாலம் மூன்று பேரும் ஆளையாள் பார்த்துத் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். படலையால் எட்டிப் பார்த்த மீன்காரன் தன்னைத்தான் வேண்டாம் என்கிறார்கள் என்று போய்விட்டான்.

“ஒரு நாளைக்கு நான் வந்து மூண்டாவது ஆளா எண்ணுவன். எந்த நாளெண்டு சொல்லமாட்டன். அண்டைக்குப் பிழைச்சால் வேறை ஆள் வைப்பன்” என்று சொல்லிவிட்டும் போனாள். வேறு ஆள் என்றதும் இரண்டு பேருக்கும் ரோசம் வந்தது. அதற்குப் பிறகு இரண்டு பையிலும் முப்பது, முப்பத்தொன்று, முப்பது. நல்ல கலியாணப் பொருத்தம் மாதிரி வந்தது.

ஆனியில் பெட்டி வந்தது. அந்த ஆனியில் ஆமிக்கும் இயக்கங்களுக்கும் நடந்த சண்டைக்கும் ஓய்வு விட்டிருந்தார்கள். ஹெலி சுற்றாத பகல்களில் ஆழ்வாப்பிள்ளை கதிரையில் சாய்ந்து, கண்ணை மூடி, பெட்டியோடு மல்லுக்கட்டினார். முதலில் பெட்டி கத்தினால் அவருக்குக் கோபம் வரும், கோபம் வந்தால் கழுத்து இறுகும், இறுகினால் பெட்டி இன்னும் கத்தும். “ஏன் கொம்மாவைப் போலக் கத்துறாய்” என்று பெட்டிக்குப் பேசினார். பிறகு ஒரு நாள், ஆரோ ஒருத்தியின் பெரியப்பன் வழியை மனதுக்குள் தேடிக்கொண்டிருக்கையில் பெட்டி அடங்கிக் கிடப்பதைக் கவனித்தார். அன்றைக்குத்தான் வழி பிடிபட்டது. இருபத்திரண்டு, பதினைந்து, ஒன்பது என்று கொட்டை குறைந்தது. ஆடி முடிவில் ஆறு.

இதற்குள் வட்டுக்கோட்டையில் இருந்து ஒரு சம்பந்தம் பொருந்தி வந்திருந்தது. மாப்பிள்ளை பஞ்சலிங்கம், கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர், வயது முப்பத்தாறு. தாய்மாமன் முருகேசு, ஓய்வு பெற்ற தபாலதிபர். முத்திரை குத்தாத எதையும் நம்பாதவர். ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை பொம்பிளை பார்க்க வருவதாக அறிவித்தார்கள்.

அறிவிப்பு வந்த அதே வாரம்தான் ஸ்ரெல்லா குண்டைப் போட்டாள்.

“ஐயா, இனி ரெண்டு கிழமைக்குப் பெட்டியை எடுக்க வேணும்.”

“சுகம் வாற நேரத்திலையோ? உங்களுக்கு விசரோ பிள்ளை?”

“நீங்கள் எண்ணெயும் பூசுறியள், நேர்த்தியும் வைச்சிருக்கிறியள், சண்டையும் ஓய்ஞ்சு போச்சு. குறைஞ்சது ஆரால எண்டு எப்பிடிச் சொல்லுறது? மற்றதெல்லாம் இருக்கட்டும், பெட்டியை மட்டும் எடுப்பம். கழுத்துத் திரும்பக் கூடினால் பெட்டியாலதான். பேந்து பெட்டியைத் தருவன்.”

“எந்த நாள் எடுப்பியள்?”

“நாள் நான் தெரிவுசெய்யமாட்டன். நாங்களா நாள் பாத்தால் எங்களுக்கு வாய்ப்பான நாளைத்தான் எடுப்பம். அஞ்சு துண்டில அஞ்சு நாள் எழுதிப் போட்டு, வாற நாள்.”

“திருவுளச்சீட்டு எண்டு சொல்லுங்கோவன்” என்றார் ஆழ்வாப்பிள்ளை. முகம் தெளிந்தது. திருவுளச்சீட்டில் அவர் கைதேர்ந்தவர். இரண்டு மாப்பிள்ளைக்கு நடுவில் தடுமாறிய எத்தனை வீட்டுக்குக் கோயில் வாசலில் சீட்டுப் போட்டிருக்கிறார்! வர வேண்டிய மாப்பிள்ளைதான் எப்போதும் வந்தான்.

“நீங்கள் எழுதுங்கோ பிள்ளை. நான் மடிச்சுத் தாறன்.”

வெள்ளிக்கு அடுத்த ஞாயிறு என்று எழுதிய துண்டை மடிக்கும்போது மூலையை நகத்தால் ஒரு அழுத்து அழுத்தினார். துண்டுகளைப் போட்ட தகரப் பேணிக்குள் கைவிட்டுத் தடவி அதையே எடுத்தார். பொம்பிளை பார்த்து முடிந்த பிறகுதான் பெட்டி போகும். ஸ்ரெல்லா நாளைக் குறித்துக்கொண்டாள். ஆழ்வாப்பிள்ளை வீட்டுக்கு வரும்போது மருதனார்மடத்தில் ஒரு சோடா வாங்கிக் குடித்தார்.

வியாழக்கிழமை வட்டுக்கோட்டையில் இருந்து ஆள் வந்தது. பஞ்சாங்கம் திரும்பப் பார்த்ததில் வெள்ளி மாப்பிள்ளையின் நட்சத்திரத்துக்குச் சரியில்லையாம். அடுத்த புதன் வருகிறார்களாம். பஞ்சாங்கத்தோடு வாதாட முடியுமா? பஞ்சாங்கத்தைச் சொல்லி நாளை ஒத்திவைப்பது அவர் தொழிலில் எத்தனை தரம் அவரே செய்த வேலை.

ஞாயிறு பெட்டி போனது. திங்கள் எட்டு. செவ்வாய் காலை பத்தொன்பது. கொட்டைகளை எண்ணி முடிந்ததும் கொப்பியைக் கமக்கட்டில் வைத்தார். சாப்பிடாமல் பஸ் ஏறிப் பட்டணத்துக்குப் போனார்.

ஸ்ரெல்லா கொப்பியைக் கண்டதும் துள்ளினாள். “பத்தொன்பது! எவ்வளவு வடிவாக் கூடியிருக்கு பாருங்கோ ஐயா!”

தன் வருத்தம் கூடியதற்கு ஒரு டொக்டர் இப்படிச் சந்தோசப்படுவதை அவர் அன்றைக்குத்தான் கண்டார். கதிரையில் இருந்து எல்லாவற்றையும் சொன்னார். குணலட்சுமி, வெள்ளிக்கிழமை, நகத்தால் அழுத்தினது, பஞ்சாங்கம், புதன்கிழமை. “நான் செய்தது பிழைதான் பிள்ளை. நாளைக்கு ஒரு நாளைக்குப் பெட்டியைத் தாங்கோ.”

ஸ்ரெல்லா கொப்பியை மூடினாள். “பெட்டி இல்லை ஐயா. இந்த ரெண்டு கிழமையும் தேவையில்லைதானே எண்டு திருத்தக் கொழும்புக்கு அனுப்பிப்போட்டன். நீங்கள் எடுத்த சீட்டை நம்பித்தான்.”

“அப்ப உங்கடை பரீட்சை?”

“நோயாளி நாளைத் தானே தெரிவுசெய்தார் எண்டு உள்ளதை எழுதிப்போட்டு, பெட்டி வந்தாப்போலை இன்னொருக்காச் செய்வன். சீட்டை நானே மடிப்பன்.”

புதன்கிழமை காலை பத்து மணிக்கு முருகேசுவும் பஞ்சலிங்கமும் பஞ்சலிங்கத்தின் தாயும் வந்து இருந்தார்கள். மகாதேவி பலகாரம் கொண்டுவந்து வைத்தாள். பத்மாவதி அறை வாசலில் நின்றாள். முருகேசு காணி கேட்டார், சாதகம் கேட்டார், ஏரம்புவின் ஊரைக் கேட்டார். எல்லாவற்றையும் ஆழ்வாப்பிள்ளை நாடியில் கையை முட்டுக்கொடுத்துக்கொண்டு ஒப்பேற்றினார்.

முருகேசு தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் எடுத்தார். “எல்லாம் சரி. கடைசியா ஒண்டு. நாங்கள் நம்பி எடுக்கலாமோ?”

“ஓம், தாராளமா.”

கை நழுவியது. தலை இடப்பக்கம் வெட்டியது. இரண்டு தரம். பிறகு மேலதிகமாக ஒன்று.

முருகேசு கோப்பையைத் திரும்ப வைத்தார். “சுன்னாகத்தார் சொன்னது மெய்தான். வாடா தம்பி.”

ஆழ்வாப்பிள்ளை படலைப் பக்கம் பார்த்தார். மூன்றாவது பகுதியும் போனால் இனி ஒரு பகுதியும் வராது என்பது அவரைவிட யாருக்குத் தெரியும்?

“ஐயா, எழும்பாதையுங்கோ.”

குணலட்சுமி வெளியில் வந்து நின்றாள். கையில் தட்டமும் இல்லை, குனிந்த தலையும் இல்லை.

“உள்ளுக்குப் போடி!” என்றாள் மகாதேவி.

“நிண்டுகொள்ளுங்கோ மாமி. மாமாட்டை ஒரு கேள்விதானே கேட்டவை. ஒரு கேள்வியை வைச்சு ஒண்டும் சொல்லேலாது.” மாமன் பக்கம் திரும்பினாள். “மாமா, உங்கடை பேர் ஆழ்வாப்பிள்ளையோ?”

“ஓம்.” தலை வெட்டியது.

“இந்த ஊர் இணுவிலோ?”

“ஓம்.” வெட்டியது.

“மாமியை விரும்பித்தானே கட்டினனீங்கள்?”

“ஓம்.” நாலு தரம் வெட்டியது. அறை வாசலில் பத்மாவதி முந்தானையை வாய்க்குள் அடைத்தாள்.

“இது வட்டுக்கோட்டையோ?”

“இல்லை.” வெட்டியது.

“இப்ப ஒண்டும் கதையாமல் சும்மா இருங்கோ.” சும்மா இருந்தார். வெட்டியது.

“பாத்தியளே ஐயா. ஓம் எண்டாலும் திரும்புது, இல்லை எண்டாலும் திரும்புது, வாயைப் பொத்தினாலும் திரும்புது. உது என்னைப் பற்றின கதையில்லை. மாமாவுக்குக் கழுத்து வருத்தம். மூண்டு மாசக் கொப்பி இருக்கு, வேணுமெண்டால் காட்டுறன்.”

வருத்தம் என்ற சொல் வீட்டுக்குள் விழுந்ததும் ஆழ்வாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டார்.

முருகேசுவும் விடவில்லை. “வருத்தமெண்டால் பரம்பரையோ?”

“என்னை எண்ணிப் பாருங்கோ” என்றாள் குணலட்சுமி. ஒரு கதிரையை இழுத்து அவர்களுக்கு நேரே போட்டு நிமிர்ந்து இருந்தாள். “அஞ்சு நிமிசம். ரெண்டு பேர் எண்ண வேணும். ஒருத்தற்றை கணக்கை மற்றவர் கேக்கப்படாது.”

பொம்பிளை பார்க்கிறது என்றால் எங்கள் பக்கத்தில் என்ன? பெட்டை தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுத் திரும்பும். சீலையின் நிறம் சொல்லக்கூட நேரம் கிடைக்காது. பஞ்சலிங்கம் கைமணிக்கூட்டைக் கழற்றி முழங்காலில் வைத்தான். முருகேசு ஒரு நிமிடம் பார்த்தார். அவள் திரும்பப் பார்த்தாள். அவருக்குக் கூச்சம் வந்து, சுவரில் இருந்த கலண்டரில் முருகனைப் பார்க்கத் தொடங்கினார். மருமகன் மட்டும் கண்வெட்டாமல் எண்ணினான். குணலட்சுமியின் கன்னம் சிவந்தது, தலை அசையவில்லை.

“சரி, நேரம்” என்றாள் பத்மாவதி. “இல்லை, இன்னும் அரை நிமிசம் கிடக்கு” என்றாள் மகாதேவி. பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு நேருக்கு நேர் பேசிய பேச்சு. யாரும் கவனிக்கவில்லை.

“எத்தினை?” என்று முருகேசு மருமகனைக் கேட்டார்.

“பூச்சியம். உங்களுக்கு மாமா?”

“எனக்கும் பூச்சியந்தான்” என்றார், கலண்டரை விட்டுக் கண்ணை எடுத்து.

பஞ்சலிங்கம் மணிக்கூட்டைத் திரும்பக் கட்டவில்லை. “ஆனால் மாமா, ஒரு கேள்வியை வைச்சு ஒண்டும் சொல்லேலாதெண்டு இவ சொன்னவ. ஒருக்கா எண்ணினதை வைச்சும் சொல்லேலாதுதானே?” பிறகு குணலட்சுமியைப் பார்த்து, “ஒரு நாளைக்கு எத்தினை நேரம் எண்ணுறனீங்கள்?” என்று கேட்டான்.

“மூண்டு நேரம்” என்றாள், இப்போது நிலத்தைப் பார்த்துக்கொண்டு.

வந்த நேரத்தில் இருந்து வாயே திறக்காமல் இருந்த மாப்பிள்ளையின் தாய் கைப்பையை மடியில் இருந்து எடுத்து நிலத்தில் வைத்தாள். கதிரையில் வசதியாகச் சாய்ந்தாள். மகாதேவியைப் பார்த்துச் சொன்னாள்:

“இவன் மத்தியானமும் எண்ணிப்போட்டுத்தான் எழும்புவான் போலை. சோத்துக்கு ரெண்டு சுண்டு அரிசி கூடப் போடுங்கோ. கத்தரிக்காய் இருந்தால் ஒரு பால்கறி வையுங்கோ, வேறை ஒண்டும் வேண்டாம்.”